பதியப்படாத புகார்

கூட்டுறவுச் சங்கத்தில் சேரும் ஒவ்வோர் அங்கத்தினரும் முதன்முதலாகக் கற்கும் பாடம் ஒன்று உண்டு. அவர் பணம் கட்டியது உண்மையாகவே இருக்கலாம். கட்டியதைக் கண்ணால் கண்டவர் பத்துப் பேர் இருக்கலாம். எனினும் கையில் ரசீதும் ரொக்கப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லையேல், தணிக்கை நாளில் அது கட்டாத பணமே. இதனைச் சிலர் எழுத்தின் கொடுமை என்று எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வாய்ச்சொல் வலியவன் பக்கமே சாயும். எழுத்து ஒன்றே எளியவனுக்கும் வலியவனுக்கும் ஒரே அளவாய் நிற்கும். நமது இயக்கம் பேரேட்டின் மீது கட்டப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

சங்கத்தின் வாயிலில் இவ்வளவு கவனமாக இருக்கும் நம் அங்கத்தினர்கள், காவல் நிலையத்தின் வாயிலில் மட்டும் இப்பாடத்தை மறந்துவிடுகின்றனர். கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி திருட்டுப் போகிறது. தறி வீட்டிலிருந்து சங்கத்து நூல் களவு போகிறது. நிலையத்துக்குச் சென்று நடந்ததைச் சொல்கிறார்கள். “சரி, விசாரிக்கிறோம், போய் வாருங்கள்” என்ற சொல்லைப் பெற்று வீடு திரும்புகிறார்கள். எழுதப்பட்டதா, எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது, அதன் நகல் எங்கே என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதுவோரும் உளர். கேட்டால் பகை வரும் என்று அஞ்சுவோரும் உளர். கேட்பது உரிமை என்பதையும், எழுதுவது அங்கே அமர்ந்திருப்பவரின் கடமை என்பதையும் விளக்குவதே இம்மாதப் பாடத்தின் நோக்கம்.

முதல் தகவல் அறிக்கை என்பது யாது?

ஒரு குற்றம் நடந்தது என்ற செய்தி காவல் நிலையத்துக்கு முதன்முதலாக எட்டும்போது, அதனை நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் வடித்து, அதற்கென உள்ள புத்தகத்தில் எண்ணிட்டுப் பதிவு செய்வதே முதல் தகவல் அறிக்கை. ‘எப்.ஐ.ஆர்.’ என்று எல்லோரும் கூறுவது இதனையே. 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இதற்கு விதி இருந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 154ஆம் பிரிவாயிற்று. 1898இலும் 1973இலும் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோதும் அவ்வெண் மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் அது 173ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறினும் கருத்து மாறவில்லை.

அவ்விதியின் சாரம் எளியது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும்; அதிகாரி தாமே எழுத வேண்டும், அல்லது தம் மேற்பார்வையில் எழுதச் செய்ய வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே அவர் கையொப்பமிட வேண்டும். பிறகு அதன் நகல் ஒன்றைக் கட்டணமின்றி உடனே அவருக்குத் தர வேண்டும். படித்துக் காட்டாத தாளில் கையொப்பமிடுவதும், வெற்றுத் தாளில் ரேகை வைப்பதும் எவ்வளவு ஆபத்தானவை என்பதைக் கடன் பத்திரம் எழுதிய அனுபவமுள்ள நம்மவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பதியாமையால் விளையும் நஷ்டம்

ஒரு நெசவாளரை எடுத்துக்கொள்வோம். சங்கம் அவருக்கு இரண்டு பாவுக்கான பட்டு நூல் கொடுத்திருக்கிறது; அது அவருடைய பாஸ் புத்தகத்திலும் சங்கத்தின் நூல் இருப்புப் பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது. ஓர் இரவு வீடு உடைக்கப்பட்டு நூல் களவு போகிறது. அவர் நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லி வருகிறார், ஒன்றும் எழுதப்படவில்லை. ஆறு மாதம் கழித்துத் தணிக்கை வருகிறது. பதிவேட்டின்படி நூல் அவரிடம் உள்ளது, தறியிலோ வீட்டிலோ இல்லை, துணியாகவும் திரும்பவில்லை. தணிக்கையாளர் கேட்கும் முதற் கேள்வி, “களவு போனதற்கு ஆதாரம் என்ன?” என்பதே. ஆதாரம் இல்லையெனில் அந்நூலின் விலை அவர் பெயரில் பற்று எழுதப்படும், கூலியிலிருந்து பிடிக்கப்படும்.

இங்கே நேர்ந்தது என்ன என்பதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருடனைப் பற்றி எங்கும் ஓர் எழுத்தும் இல்லை. நூலைப் பறிகொடுத்தவரைப் பற்றி மட்டும் சங்கப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பொருளை இழந்தவரே கடனாளியாகிறார். காலப்போக்கில் அவரே நூலை விற்றுவிட்டார் என்ற சொல்லும் ஊரில் முளைக்கலாம். பதியப்படாத களவு மறைந்துவிடுவதில்லை. அதன் சுமை களவு கொடுத்தவர் தலையில் வந்து இறங்குகிறது. கணக்குப் புத்தகங்களோடே நாள்தோறும் பழகும் நாம் இப்பாடத்தை எழுத முற்பட்டதற்கு இதுவே காரணம்.

உழவர் நிலையும் இத்தகையதே. மோட்டாருக்கு இன்ஷூரன்ஸ் செய்திருப்பவர் களவுக்கு நஷ்டஈடு கோரும்போது, கம்பெனியார் முதலில் கேட்பது முதல் தகவல் அறிக்கையின் நகலையே. களவு போன பொருள் பிறிதோர் ஊரில் பிடிபட்டால், அது இன்னாருடையது என்று நிலைநாட்டி மீட்பதற்கும் முன்னரே பதிந்த அறிக்கை பெருந்துணையாகும்.

பதிவது தயவன்று, கடமை

“புகாரைப் பதிவதும் பதியாததும் அதிகாரியின் விருப்பம் அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு நமது நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தெளிவாக விடையளித்திருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு தந்தை, மைனரான தம் மகள் கடத்தப்பட்டாள் என்று 2008இல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். நிலையத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை. மேலதிகாரியான போலீஸ் சூப்பரின்டெண்டை நாடிய பின்னரே அறிக்கை பதிவாயிற்று. அதன் பின்னும் சிறுமியை மீட்க முயற்சி செய்யவில்லை என்று அத்தந்தை சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். பதிவு செய்வது கட்டாயமா, அதிகாரி முதலில் விசாரித்துப் பார்த்து வேண்டுமானால் பதியலாமா என்பதில் முந்தைய தீர்ப்புகள் முரண்பட்டிருந்தமையால், விஷயம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சுக்குச் சென்றது. 2013 நவம்பர் 12ஆம் தேதி தீர்ப்புக் கூறப்பட்டது.

அந்த பெஞ்சுக்குத் தலைமை வகித்து ஐவர் சார்பிலும் தீர்ப்பை எழுதியவர், அப்போது இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த திரு. பி. சதாசிவம் அவர்கள். ஈரோடு மாவட்டத்தில், ஜமக்காளத்துக்குப் பெயர் பெற்ற பவானிக்கு அருகிலுள்ள காடப்பநல்லூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நெசவும் உழவும் சேர்ந்து வாழும் அம்மண்ணிலிருந்து சென்றவர், எளிய மனிதனின் புகார் எழுதப்பட்டே தீர வேண்டும் என்று தீர்ப்பளித்தார் என்பது நம் அங்கத்தினர்களுக்கு மகிழ்ச்சி தரத்தக்க செய்தி.

தீர்ப்பின் காரணங்களுள் இரண்டை மட்டும் இங்குக் கூறுவோம். முதலாவது, சட்டம் பதிவு செய்ய ‘வேண்டும்’ என்கிறது; ‘பதிவு செய்யலாம்’ என்று சொல்லவில்லை. இரண்டாவது, கைது செய்வதைப் பற்றிக் கூறுமிடத்தில் ‘நியாயமான புகார்’, ‘நம்பத்தக்க தகவல்’ என்ற சொற்களைப் பெய்துள்ள அதே சட்டம், பதிவு செய்வதைப் பற்றிக் கூறுமிடத்தில் வெறுமனே ‘தகவல்’ என்றே கூறுகிறது. ஆகவே, நம்பலாமா கூடாதா என்று எடைபோடுவது பதிவுக்குப் பின்னர் வரும் புலன் விசாரணையின் வேலை. பதிவுக்கு முன்னர் அதற்கு இடமில்லை. சங்கத்தில் ஒருவர் மனுக் கொடுத்தால் அதனைத் தபால் பதிவேட்டில் ஏற்றுவது குமாஸ்தாவின் கடமை. மனுவை ஏற்பதா தள்ளுவதா என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம். குமாஸ்தாவே மனு தகுதியற்றது என்று கருதிக் கிழித்தெறிந்தால் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறே இதுவும்.

அத்தீர்ப்பில் ஒரு கணக்கும் காணப்படுகிறது. 2012ஆம் ஆண்டில் நாடெங்கும் பதிவான இத்தகைய குற்றங்கள் சுமார் 60 லட்சம். பதியப்படாமல் அமுக்கப்படுபவையும் ஏறக்குறைய அதே அளவு இருக்கக்கூடும் என்று அதில் குறிக்கப்பட்டுள்ளது. எழுதப்பட்ட ஒவ்வொரு புகாருக்கும் நிழலாக எழுதப்படாத புகார் ஒன்று நிற்கிறதென்றால், நோயில் பாதியை மறைத்து வைத்துக்கொண்டு வைத்தியம் செய்வதை அது ஒக்கும் அன்றோ? எந்தத் தெருவில் களவு மிகுகிறது, எந்தச் சாலையில் இரவு ரோந்து வேண்டும் என்பவற்றைச் சர்க்கார் அறிவது பதிவான கணக்கிலிருந்தே. ஆதலின் ஒருவர் தம் புகாரைப் பதிவு செய்வது அவருடைய சொந்த நலத்துக்காக மட்டுமன்று; அண்டை வீட்டாரின் பாதுகாப்புக்கும் அது துணையாகிறது.

எல்லாத் தகராறும் குற்றமாகா

உரிமையை வற்புறுத்தும்போது அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். மேற்கூறிய கட்டாயம் ஒருவகைக் குற்றங்களுக்கே உரியது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவை எதிர்பாராமல் போலீசார் தாமே புலன் விசாரிக்கவும், பிடிவாரண்டு இன்றிக் கைது செய்யவும் சட்டம் அதிகாரம் அளித்துள்ள குற்றங்களே அவை. கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுதல், ஆட்கடத்தல், கொடுங்காயம் விளைவித்தல் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சேராத சிறு குற்றங்களுக்கு அதிகாரி தகவலைக் குறித்துக்கொண்டு, புகார் செய்தவரை மாஜிஸ்திரேட்டிடம் செல்லுமாறு கூறுவார், அது தட்டிக்கழிப்பதாகாது.

திருட்டைப் பொறுத்தவரை 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஒரு மாறுதலைச் செய்திருக்கிறது. திறந்த வெளியில் நடக்கும் சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயின், அது பிடிவாரண்டின்றிக் கைது செய்யும் வகையில் சேர்வதில்லை. ஆனால் மனிதர் வசிக்கும் வீட்டிலோ, பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்திலோ நடந்த திருட்டுக்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு. அதற்கு இம்மதிப்பு வரம்பு இல்லை. ஆகவே தறி வீட்டிலும் சங்கக் கிடங்கிலும் நடக்கும் களவு சிறிதாயினும் பெரிதென்றே கொள்ளத்தக்கது. கிணற்றடியில் போன கம்பியைப் பற்றிப் புகார் செய்பவர், அதன் நீளத்தையும் வாங்கிய விலையையும் பில்லுடன் குறிப்பிடுதல் அவசியம். “கொஞ்சம் ஒயர் போய்விட்டது” என்று கூறினால், அச்சொல்லே புகாரின் வலுவைக் குறைத்துவிடும்.

கூலி பாக்கி, கொடுத்த கடன், வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை ஆகியவை பொதுவாக சிவில் நீதிமன்றத்துக்கு உரியன. சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையே சங்கக் காரியங்களைப் பற்றி எழும் வழக்கு, 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளர் முன் செல்ல வேண்டியது. இவற்றைக் குற்றம் போலச் சித்திரித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்வது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்; உண்மையான புகாருடன் வரும் அடுத்தவரின் மதிப்பையும் கெடுக்கும்.

முன்விசாரணை எப்போது?

பதிவுக்கு முன் விசாரணை அறவே கூடாதா எனின், சில விஷயங்களில் உண்டு. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, லஞ்சம் ஆகியவற்றைப் பற்றிய புகார்களிலும், காரணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்துக் கொடுக்கும் புகார்களிலும், குற்றம் வெளிப்படுகிறதா என்று அறிய மட்டும் சிறு விசாரணை செய்யலாம் என 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு அனுமதித்தது. புதிய சட்டமோ, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனை உடைய குற்றங்களில், டெபுடி சூப்பரின்டெண்டின் முன் அனுமதி பெற்று, முகாந்திரம் உண்டா என்று 14 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க இடமளிக்கிறது. எனவே “விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்று கூறப்பட்டால், எந்தக் குற்றத்துக்காக, யாருடைய அனுமதியின் பேரில், எந்தத் தேதிக்குள் என்று பணிவுடன் கேட்பது புகார் செய்பவரின் உரிமை. 14 நாள் என்பது சட்டம் விதித்த வரம்பு; அதற்குமேல் நீட்டிப்பதற்கு அவ்விதியில் இடமில்லை.

ரசீது வேறு, அறிக்கை வேறு

நம் மாநிலக் காவல் நிலையங்களில் மனுக் கொடுப்போருக்கு ஒரு ரசீது தரும் வழக்கம் உண்டு. ‘சி.எஸ்.ஆர்.’ எனப்படும் சமுதாயப் பணிப் பதிவேட்டில் மனுவை ஏற்றியமைக்கு அடையாளம் அது. ஒன்றுமில்லாமல் திரும்புவதைவிட அது மேலானதே. மனு இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதனையே முதல் தகவல் அறிக்கை என்று கருதி நிம்மதியடைந்துவிடலாகாது. சங்கத்தில் கடன் மனுவைப் பெற்றுக்கொண்டமைக்கு ரசீது தருவதும், கடனைப் பட்டுவாடா செய்வதும் வேறு வேறல்லவா? அவ்வாறே இதுவும். மனு ரசீதால் மட்டும் புலன் விசாரணை தொடங்குவதில்லை. பதிவு செய்த அறிக்கையின் நகலோ மாஜிஸ்திரேட்டுக்குச் செல்கிறது. அதன் பின் வழக்கு நிலையத்தின் நான்கு சுவருக்குள் அடங்கியதன்று. நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்துவிட்டது.

நகலில் காண வேண்டியவை நான்கு: குற்ற எண்ணும் ஆண்டும், சட்டப் பிரிவுகள், பதிவான தேதியும் நேரமும், தாம் சொன்ன சங்கதி மாறாமல் இருக்கிறதா என்பது. மறைத்து வைக்க வேண்டிய பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் போலீசாரின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. இணையத் தொடர்பு அரிதான இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. நகலை இழந்தவர் வீட்டுப் பிள்ளைகளின் உதவியால் அங்கே தேடிப் பெறலாம். புலன் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைப் புகார் செய்தவருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் புதிய சட்டத்தின் விதி.

“இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை”

சந்தைக்குச் சென்ற உழவர் வழியில் கொள்ளையடிக்கப்படுகிறார். ஒரு நிலையத்தார் அடுத்த நிலையத்தைக் காட்டுகின்றனர். அங்குள்ளோர் மூன்றாவதைக் காட்டுகின்றனர். இந்த அலைச்சலுக்குப் புதிய சட்டம் முடிவு கட்டியுள்ளது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும், சென்ற நிலையத்திலேயே தகவலைப் பதிவு செய்ய வேண்டும். உரிய நிலையத்துக்கு அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ என்று பத்திரிகைகளில் வருவது இதுவே. மின்னணுச் சாதனங்கள் வழியாகவும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட்டால்தான் அது பதிவில் ஏறும்.

பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் குற்றங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே தகவல் தருவாராயின், அதனைப் பெண் அதிகாரியே எழுத வேண்டும். அத்தகைய குற்றத்துக்கு ஆளானவர் உடற்குறையோ மனக்குறையோ உடையவராயின், அவர் இருப்பிடத்துக்கே சென்று எழுத வேண்டும். இத்தகைய கடுங்குற்றங்களைப் பற்றிய தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரியே தண்டனைக்குரியவர் என்றும் சட்டம் கூறுகிறது.

மறுக்கப்பட்டால் செய்ய வேண்டுவன

நிலையத்தில் பதிய மறுத்தால், வாக்குவாதத்தில் இறங்காமல் வீடு திரும்பி, நடந்தவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுத வேண்டும். அதனை மாவட்டப் போலீஸ் சூப்பரின்டெண்டுக்குத் தபாலில் அனுப்புவது 173ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்ட வழி. அவ்வாறு அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். குற்றம் வெளிப்படுகிறது என்று கண்டால் அவர் தாமே விசாரிக்க வேண்டும். அல்லது கீழதிகாரிக்குக் கட்டளையிட வேண்டும்.

அங்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டை நாடலாம். நிலையத்துக்கும் சூப்பரின்டெண்டுக்கும் கொடுத்த மனுக்களின் நகல்களோடு, சொன்னவை உண்மை என்று சத்தியப் பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு புலன் விசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரம் படைத்தவர். முதற்படியில் ரசீது பெறாதவர் மூன்றாம் படியில் நிற்க இயலாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் எழுத்தைத் தாங்கி நிற்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குவோர் சிலர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடற்குறையுடையோர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. இவர்களுள் பெண்கள், குழந்தைகள் முதலிய பிரிவினருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. வட்டத் தலைநகரிலுள்ள நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசி மூலமும் கேட்கலாம்.

தாமதம் புகாரைக் கொல்லும்

உரிமையைக் காலத்தில் செலுத்துதல் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில் 1972இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. காவல் நிலையம் இரண்டு மைல் தொலைவில் இருந்தும், சம்பவம் நடந்து 20 மணி நேரத்துக்கு மேல் கழித்தே தகவல் கொடுக்கப்பட்டிருந்தது. தாமதமான தகவலில் பின்னர் யோசித்துச் சேர்த்த கதை புகுந்துவிடும் அபாயம் உண்டு என்று நீதிபதிகள் கருதினர். சாட்சியத்தின் ஏனைய குறைகளையும் எண்ணி, கீழ்க் கோர்ட்டுகளில் மரண தண்டனை பெற்றிருந்தவரை விடுதலை செய்தனர். தாமதத்துக்குத் தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் ஏற்கும். ஆயின் அக்காரணத்தையும் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்.

புகாரில் என்ன நடந்தது, எங்கே, எந்த நாளில், எந்நேரத்தில், யார் கண்டனர், என்ன பொருள், என்ன மதிப்பு என்பன இருந்தால் போதும். மோட்டாரின் குதிரைத் திறனும் கம்பெனி எண்ணும், நூலின் நம்பரும் கட்டின் அடையாளமும் குறித்தல் நலம். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், சந்தேகத்தைச் சந்தேகமாகவுமே எழுத வேண்டும். ஆத்திரத்தில் பழைய பகையாளியின் பெயரைச் சேர்ப்பது பெருந்தவறு. பொய்யென்று தெரிந்தே பொதுஊழியருக்குத் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம். அறிக்கையில் ஒருவர் பெயர் இருப்பதனாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அவரைக் கைது செய்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பதிவு வேறு, கைது வேறு என்று 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பே எடுத்துக் கூறுகிறது. புகார் செய்பவருக்கு உரிமை இருப்பது போலவே, பெயர் கூறப்பட்டவருக்கும் நீதி உண்டு.

காவல் நிலையத்தாரை நாம் பகைவராகக் கருதுவதற்கில்லை. ஆள் குறைவும் வேலை மிகுதியும் அவர்களுக்கு உண்டு. இரவு பகலாக உழைப்பவர்கள் அவர்களில் பலர். புகார் எண்ணிக்கை கூடினால் தம் நிலையத்துக்குக் கெட்ட பெயர் என்ற அச்சமும் சில இடங்களில் பதிய மறுப்பதற்குக் காரணமாகிறது. இவ்வச்சம் பொருளற்றது என்பதை மேலதிகாரிகளும் பொதுமக்களும் சேர்ந்தே உணர்த்த வேண்டும். கடன் பாக்கியை மறைத்துக் காட்டும் சங்கம் நல்ல சங்கம் அன்று; உள்ளதை உள்ளபடி காட்டும் சங்கமே திருந்தும் சங்கம். நிலையத்துக்கும் இதுவே அளவுகோல்.

நமது சங்கங்களும் இதில் ஒரு கடமையை மேற்கொள்ளலாம். படிக்கத் தெரியாத அங்கத்தினர் நிலையத்துக்குச் செல்லும்போது, படித்த இயக்குநர் ஒருவர் உடன் செல்லட்டும். எழுதியதைப் படித்துப் பார்த்து நகலைக் கேட்டுப் பெறட்டும். தனி ஒருவரால் தூக்க முடியாத சுமையைப் பலர் கை கோத்துத் தூக்குவதற்கே கூட்டுறவு தோன்றிற்று. ஏட்டில் உள்ள உரிமையை ஏழையின் கைக்குக் கொண்டு சேர்ப்பதும் அத்தகைய சுமைகளுள் ஒன்றே.

பயிற்சி வகுப்புகளில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்:

1. மனு ரசீதுக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. தறி வீட்டில் நடந்த களவும் கிணற்றடியில் நடந்த களவும் சட்டத்தின் கண்ணில் எவ்வாறு வேறுபடுகின்றன?

3. நிலையத்தில் பதிய மறுத்தால் அடுத்தடுத்துச் செல்ல வேண்டிய இடங்கள் எவை? ஒவ்வோர் இடத்திலும் கையில் இருக்க வேண்டிய தாள்கள் எவை?

4. உங்கள் சங்கத்தில் சென்ற ஆண்டு நூலோ பொருளோ களவு போயிற்றா? அதன் சுமை யார் கணக்கில் ஏறியது?